ஆறாவது செடி

எங்கள் அண்ணிக்கு முழங்கால் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. காலையில் எழுந்ததும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். கால் சம்மதம் கொடுத்த பிறகுதான் அடி எடுத்து வைப்பார். அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் குடிநீர் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் நாலு ஏக்கர் காட்டுத் தோட்டத்தையும், அதில் வேலை செய்யும் ஒன்பது பேரையும் மேய்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரியம்மா என்றால் நிலையம் முழுக்கத் தெரியும். அவர் குரல் கேட்டால் மண்வெட்டி தானாகவே நிமிர்ந்து நிற்கும் என்பார்கள்.

நான் அதே நிலையத்தில் பம்பு ஆபரேட்டர். அண்ணன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் இரண்டு முறை வருவார், சாப்பிடுவார், தூங்குவார், போய்விடுவார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அதனால் குவார்ட்டர்ஸின் அந்த இரண்டு அறை வீட்டில் அண்ணியின் பேச்சுக்கும் ஏச்சுக்கும் பக்கத்து வீட்டுக்காரனான நான்தான் கிடைப்பேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளாததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லிச் சிரிப்பேன். உண்மையில் அண்ணி இல்லாவிட்டால் நான் பட்டினிதான்.

தோட்டத்தில் அண்ணிக்கென்று ஒரு பைத்தியம் இருந்தது. பெரிய மரங்களுக்கு அடியில், வெயில் சல்லடை வழியாக விழுகிற ஒரு சரிவில், ஆறு புதர்ச்செடிகள். இந்தப் பக்கத்துக் காட்டுச் செடிதான். வருடத்தில் பாதி நாள் இலையில்லாமல் குச்சி குச்சியாக நிற்கும். அதனால் எல்லோரும் மொட்டைச்செடி என்பார்கள். புதிதாக வருகிற அதிகாரி ஒவ்வொருவரும் முதல் வேலையாக, "இது செத்துப்போச்சே, பிடுங்கிப் போடுங்க" என்பார். அண்ணி குனிந்து நகத்தால் பட்டையைக் கீறிப் பச்சையைக் காட்டுவார். "தூங்குறவங்களை எல்லாம் பொதைச்சிடலாமா சார்?" என்று கேட்பார். அதிகாரி அடுத்த செடிக்கு நகர்ந்துவிடுவார்.

அந்தச் செடிகளுக்கு விதை கொண்டுவந்து கொடுத்தவர் கடப்பாரை. குழி வெட்டுகிறவர். இளம் வயதில் கல்குவாரியில் வேலை பார்த்தவர். அந்தப் பேர் அங்கேயே ஒட்டிக்கொண்டது. குவாரி மலையில் மரத்து நிழலில் இந்தச் செடி நிறைய உண்டு, பழத்தைக் கசக்கினால் மூக்கு திறந்துகொள்ளும் என்று சொல்லி, ஒரு காகிதப் பொட்டலத்தில் பதினைந்து இருபது பழம் கொண்டுவந்தார். அண்ணியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "தங்கச்சி, இதை மட்டும் வெயில்ல போட்டுடாதே" என்றார். முளைத்ததில் ஆறு பிழைத்தன.

ஏழு வருடம் ஆயிற்று பூக்க. இலை வருவதற்கு முன்பே, வெறும் குச்சியில் மஞ்சள் மஞ்சளாகப் பொடிப் பூ. அதன் பிறகு ஐந்து செடிகளில் சிவப்பாகப் பழம் வந்தது. ஆறாவது செடி மட்டும் காய்க்கவில்லை. மற்றவற்றைவிட அதுதான் அதிகமாகப் பூத்தது, அதுதான் எரிச்சல். மூன்று வருடம் அண்ணி பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள் கடப்பாரையைக் கூப்பிட்டு, "அண்ணே, அதைப் பிடுங்கிடுங்க. பக்கத்துச் செடிக்காவது இடம் கிடைக்கட்டும்" என்றார்.

"இருந்துட்டுப் போகட்டுமே தங்கச்சி. பூ அழகாத்தானே இருக்கு."

"பூவை வச்சு நான் என்ன பண்ண? தின்ன சோத்துக்கு வேலை செய்யணும்ல?"

கடப்பாரை பிடுங்கிப் போட்டார். அது அன்றைக்கே குப்பையோடு குப்பையாக எரிந்தும் போயிற்று.

அடுத்த வருடம் ஐந்து செடியும் பூத்தன. ஒன்றும் காய்க்கவில்லை. அதற்கு அடுத்த வருடமும் இல்லை.

அண்ணி படாத பாடு பட்டார். இலை மட்கு சுமந்து போட்டார். எறும்பு என்றார், மண் என்றார், ஒரு மாதம் முழுக்க என் பம்புத் தண்ணீரைக் குறை சொன்னார். தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரில் குளோரின் இருக்கிறது என்று மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, குடம் குடமாக அந்தச் சரிவில் ஏற்றினார். முழங்காலில் மிச்சம் இருந்ததும் அப்போதுதான் போயிற்று. கிளை வெட்டி நட்டால் வேர் பிடிக்கவில்லை. விதை இல்லாமல் இந்தச் செடி பெருகாது. முன்பு காய்த்த பழங்களைக் காய வைத்து விதைத்ததில் ஒன்றும் முளைத்திருக்கவில்லை. தோட்டத்து நடைபாதை நெடுக இதன் கன்றுகளை வைத்துவிட்டுத்தான் ஓய்வு பெறுவேன் என்று அண்ணி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். சொன்ன வாய்க்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அடித்தவர் கடப்பாரை. மறுநாள் காலையில் மொட்டைச்செடிகளுக்குப் பக்கத்தில் சருகின் மேல் வெள்ளையாக நாலு சொட்டுக் கிடந்தது. அவ்வளவுதான். போன வருடமும் இவர்தானே அடித்தார் என்று அண்ணி கணக்குப் போட்டார். வாளியை இங்கேதான் கழுவி ஊற்றியிருக்கிறார், வேர் வெந்துவிட்டது என்று முடிவு கட்டினார். கடப்பாரை குழாயடியில் கழுவியதாகச் சத்தியம் பண்ணினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அண்ணி கேட்கிற நிலையில் இல்லை. அதிகாரிக்குப் புகார் எழுதினார்.

புகாருக்குச் சாட்சி வேண்டுமாம். அண்ணி காகிதத்தை எடுத்துக்கொண்டு பம்பு ரூமுக்கு வந்தார்.

"தம்பி, நீ பார்த்தேதானே?"

பம்பு ரூமிலிருந்து பார்த்தால் எதிர்ச் சுவர் தெரியும். வேறொன்றும் தெரியாது. "ஊத்தியிருப்பார் அண்ணி" என்றேன். ஊற்றியதைப் பார்த்தேன் என்று காகிதத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். தினமும் சோறு போடுகிறவரிடம் நியாயம் பேசுகிற தைரியம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

கடப்பாரையைச் சாலைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பெரிய சாலைகளின் நடுவே இடுப்புயரத்துக்குச் செடி வளர்க்கிறார்களே, அதை வெட்டுகிற வேலை. இரண்டு பக்கமும் வண்டி, மேலே வெயில், பிடித்து நிற்க ஒரு மரம் கிடையாது. போகிற அன்று அவர் யாரையும் திட்டவில்லை. தன் கடப்பாரையை மட்டும் துடைத்துச் சாமான் அறையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். அண்ணி அன்று முழுக்க எல்லோரிடமும் எரிந்து விழுந்தார்.

ஐந்து வருடம் ஓடியது. சுண்ணாம்பு அடிப்பதையே நிறுத்தியாயிற்று. செடி வருடா வருடம் பூத்தது, உதிர்ந்தது. அண்ணியும் வருடா வருடம் மட்கு சுமந்தார், திட்டினார், கெஞ்சினார். ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கும்போது தோட்டத்துச் செடிகளைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். செடிப் படிப்பு படித்தவள். கழுத்தில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி தொங்கியது. மொட்டைச்செடி பூத்திருந்த வாரம் அது. ஒவ்வொரு செடியாகப் பூவைப் பிய்த்துக் கண்ணாடியில் பார்த்தாள்.

"அக்கா, இது அஞ்சும் பெண் செடி. ஆண் செடி எங்கே வச்சிருக்கீங்க?"

அண்ணிக்குப் புரியவில்லை. "இந்தச் செடியிலயும் ஆண், பெண்ணாம்மா?"

"பப்பாளி மாதிரிதான் அக்கா. ஆண் செடி பூக்கும், காய்க்காது. ஆனா அந்த மகரந்தம் வராம இதுங்க காய்க்காது. ஒரு ஆண் செடி இருந்தாலே இந்த அஞ்சுக்கும் போதும்."

அந்தப் பெண் குறிப்பு எழுதிக்கொண்டு போய்விட்டாள். பப்பாளியில் ஆண் வந்தால் வெட்டி எறிவதில் அண்ணி கைதேர்ந்தவர். குவார்ட்டர்ஸில் எத்தனையோ வெட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டுக் கொல்லையில் இன்னொன்று நின்று காரியத்தை நடத்திக்கொண்டிருக்கும், நமக்கு எங்கே தெரியப்போகிறது? இங்கே பக்கத்து வீடு கிடையாது.

அண்ணி என் பக்கம் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் வாய் விடவில்லை.

"சரி, அதுவும் ஒரு காரணமா இருக்கும். சுண்ணாம்பும் ஊத்தினாரு, அதுவும் உண்மைதான்."

நான் பம்பு ரூமுக்கு நடந்தேன்.

பூ இன்னும் ஒரு வாரம்தான் நிற்கும். எங்கேயாவது ஆண் செடியில் பூத்த கிளை கிடைத்தால் வெட்டிக்கொண்டுவந்து, தண்ணீரில் போட்டு, பெண் செடிக்குள்ளேயே கட்டித் தொங்கவிடலாம், ஈ பார்த்துக்கொள்ளும் என்று அந்தப் பெண் போனில் சொன்னாள். குவாரி மலையில் செடி இருக்கிற இடம் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். இரண்டு நாள் அண்ணி சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலையில், "தம்பி, நீயும் வா" என்றார்.

சாலை நடுவே கடப்பாரையை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆள் பாதியாகி, தோல் கருகி, கண் இரண்டும் புழுதியில் சிவந்து கிடந்தன. கத்தரியை நிறுத்தாமல் கேட்டார்.

"சொல்லுங்க மேஸ்திரியம்மா."

நீங்க என்றார். மேஸ்திரியம்மா என்றார். அண்ணி அதை மென்று விழுங்கிக்கொண்டு செடியைப் பற்றி மட்டும் சொன்னார். ஆண் செடி, பெண் செடி, பிடுங்கிப் போட்டது, இன்னும் நாலு நாள். மற்றதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கடப்பாரை முழுவதையும் கேட்டார். ஆறாவது செடியைச் சொன்னபோது மட்டும் கத்தரி நின்றது.

"நாளைக்கு எனக்கு லீவு. காலையில ஆறு மணி பஸ். செடி என்ன பாவம் பண்ணிச்சு" என்றார்.

மலையில் பாதியைக் குவாரி தின்றுவிட்டிருந்தது. மிச்சப் பாதியின் மேல் சாம்பல் நிறத்தில் கல்தூசி படிந்திருந்தது. கடப்பாரை முன்னால் ஏறினார். அண்ணி சில இடங்களில் நின்றும், சில இடங்களில் உட்கார்ந்து தவழ்ந்தும் ஏறினார். கடப்பாரை கை கொடுக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு திட்டிலும் அண்ணியின் மூச்சு பக்கத்தில் கேட்கும்வரை நின்றார். நிறைய இருந்தது என்றாரே, அந்த இடத்தில் மூன்று செடிதான் மிச்சம். முதல் இரண்டும் பெண் என்று அவரே பூவைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார். கணக்கெடுக்க வந்தவள் சொன்ன அடையாளத்தை அண்ணி ஒரே தடவைதான் சொல்லியிருந்தார், அதற்குள் பிடித்துக்கொண்டார். மூன்றாவதைத் தொட்டதும் மஞ்சள் பொடி விரலில் ஒட்டியது, அதுதான் ஆண்.

அவர் அரிவாளை எடுத்தபோது அண்ணி பக்கத்தில் போனார்.

"அண்ணே, அன்னிக்கு நான்…"

"இப்பப் பேச்சு வேணாம். ஆட்டினா பூ உதிரும். பிடிங்க."

பிடித்தார். எட்டுக் கிளை. இலையில்லாத குச்சிகளை வாளித் தண்ணீரில் நிற்க வைத்து பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் விறகு ஏற்றக்கூடாது என்றார்.

"விறகு பூக்குமாப்பா?" என்றார் அண்ணி.

"மாப்பிள்ளை அழைச்சிட்டுப் போறோம் சார்" என்றேன் நான்.

"அப்ப மாப்பிள்ளைக்கும் ஒரு டிக்கெட் எடு" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. கடப்பாரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக்கு நாலு நிறுத்தம் முன்னாலேயே எழுந்தார்.

"வந்து கட்டிக் குடுத்துட்டுப் போகலாம்ல அண்ணே?" என்றேன்.

"அந்த கேட்டுக்குள்ள வர மாட்டேன் தம்பி. பூ வாடறதுக்குள்ள கட்டிடுங்க." இறங்கிப் போய்விட்டார்.

பிளாஸ்டிக் பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி, கிளைகளை அதில் செருகி, ஒவ்வொரு செடியின் நடுவிலும் கட்டினோம். பார்க்க விகாரமாக இருந்தது. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் என்னவோ ஏதோ என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பொடி ஈக்கள் வந்தன. அண்ணி மூன்று நாள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து ஈயை எண்ணிக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இலை வந்தது. இலைக்கடியில் கடுகு அளவில் பச்சையாக ஏதோ வந்தது. அது மிளகு அளவாயிற்று. மழை முடியும்போது ஐந்து செடியிலும் சிவப்புப் பழம். முன்னைக்கு இல்லாத காய்ப்பு. நான் பம்பு ரூமை விட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். அண்ணி துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன், முழங்கால் விட்டால். அவர் செடிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, ஒரு குறையும் இல்லாம காய்ச்சிருக்கு பார்."

"ஆமா அண்ணி."

"வேர் வெந்த செடி இப்படிக் காய்க்குமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப அவரு ஒண்ணுமே பண்ணலைடா" என்றார். முப்பத்தோரு வருடத்தில் அண்ணி என்னை டா போட்டது அன்றைக்குத்தான். பிறகு அழுதார். வலிக்கு அழுதுகூட நான் பார்த்ததில்லை. ஏழு வருடமாக எந்தப் பழத்துக்காக ஏங்கினாரோ, அந்தப் பழமே வந்து அவர் முகத்தில் அறைந்துவிட்டது. எனக்கும் சேர்த்துத்தான் விழுந்தது அறை.

மறுநாள் அதிகாரியிடம் போனோம். தான் கொடுத்த புகார் பொய், தவறு தன்னுடையது, கடப்பாரையைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று அண்ணி எழுதியிருந்தார். பார்க்காததைப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டேன் என்று நானும் எழுதினேன். இவர் அந்த அதிகாரி இல்லை, அவருக்குப் பின் வந்த மூன்றாமவர். இரண்டு காகிதத்தையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவரு ரிட்டயர் ஆகவே ஒரு மாசம்தான் இருக்கு. உங்களுக்கும் அதே மாசம்தானேம்மா? ஃபைல் எல்லாம் முடிச்சாச்சு. இப்போ போய் ஏன்?"

"தப்புன்னு எழுதியாவது வைங்க சார்."

"வச்சுக்கறேன்" என்று மேஜை டிராயரில் போட்டார். அதை அவர் மறுபடி எடுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

அன்று மத்தியானமே அண்ணி ஒரு டப்பாவில் கொஞ்சம் பழம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் கூடவே போனேன். கடப்பாரை சாலை நடுவே குந்தி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முதல் கேள்வி, "காய்ச்சுதா?"

அண்ணி டப்பாவைத் திறந்து நீட்டினார். அவர் அதை வாங்கி, ஒன்றை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பழத்துக்கு மட்டும்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரிந்தது.

அண்ணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கத்திப் பேசியே பழகிய குரல், அன்றைக்கு வண்டிச் சத்தத்தில் பாதி காணாமல் போயிற்று. பொய்ப் புகார் என்றார். தம்பியின் கையெழுத்தும் பொய் என்றார். அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன், ஒன்றும் நடக்காது என்கிறார் என்றார். "என்னை மன்னிச்சிடுங்க அண்ணே" என்றார்.

கடப்பாரை டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"செடிக்கு ஒண்ணு குறைஞ்சுது, கிளையைக் கொண்டுவந்து கட்டினீங்க, சரியாப்போச்சு. நான் அஞ்சு வருஷம் இங்க நின்னேன். அதுக்கு எந்தக் கிளையைக் கொண்டுவந்து கட்டுவீங்க, மேஸ்திரியம்மா?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்பவர் போல அண்ணியின் முகத்தையே பார்த்தார். அவர் கத்தரியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பழத்தைக் காய விடாதீங்க. இன்னிக்கே நிழல்ல விதைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

நாங்கள் சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அங்கே கூரை கிடையாது. எதிரில் அவர் வெட்டி வெட்டி நகர்ந்துகொண்டே இருந்தார். பஸ் வரவில்லை. வெயிலில் என் தலை சுற்றியது. அண்ணி தோளில் கிடந்த துண்டை எடுத்து டப்பாவின் மேல் போட்டார், தன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை.

"எவ்வளவு நேரம் ஆச்சு தம்பி?"

"அரை மணி நேரம் அண்ணி."

"அரை மணி நேரம்தானா" என்றார்.